கேட்டதை ஏட்டில் ஏற்றியவர்

மின்விளக்கு எரியாத வீடு இன்று இந்நாட்டில் அரிது. லயத்து வீடாயினும் பட்டணத்து மாடியாயினும், சுவரிலுள்ள பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் ஒளி பிறக்கின்றது. நீராவியாலும் அருவியாலும் சுழலும் மின்சாரப் பொறிகள் யாவும், காந்தத்தின் அசைவினால் கம்பியில் மின்னோட்டம் எழும் என்னும் ஓர் உண்மையின்மேல் நிற்பன. அவ்வுண்மையை 1831-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி லண்டன் மாநகரில் சோதனையாற் கண்டவர் மைக்கேல் பாரடே. இவ்வளவும் பள்ளிப் புத்தகங்களில் உண்டு. பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாது விடும் செய்தி வேறொன்று உளது. நம் வாசகர்க்கு அதுவே அதிகம் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் மட்டுமே பள்ளியிற் கற்ற ஒரு கொல்லன் மகன், கல்லூரி வாயிலை மாணவனாக ஒருநாளும் மிதியாமல், ஐரோப்பாவின் முதல் வரிசை விஞ்ஞானிகளுள் ஒருவராக எப்படி ஆனார்? மடித்துத் தைத்த சில தாள்களும் ஒரு பென்சிலுமே அவருக்குக் கல்லூரியாயிருந்தன என்பது நம் விடை. இது மிகைப்படுத்திய கூற்றன்று என்பதைப் பின்வருவன காட்டும்.

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, லண்டனின் தென்புறத்தே நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கொல்லுத் தொழிலாளி, நோயாளி. வேலைக்குப் போன நாட்களினும் போகாத நாட்களே சில காலங்களில் மிகுதி. 1801-ம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, ஒன்பது வயதுச் சிறுவரான மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி பங்காகக் கிடைத்தது. அந்த ஒரு ரொட்டியை ஏழு நாளைக்கும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வறுமையை நாம் அறிவோம். ஆதலின் இதை விரிக்க வேண்டுவதில்லை.

1804-ம் ஆண்டில் ரீபோ என்பவரது புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அக்காலத்தில் பத்திரிகை விலை அதிகம். ஒரே பத்திரிகையை ஒரு வீட்டில் கொடுத்து, படித்தபின் வாங்கி மறுவீட்டில் கொடுப்பது வழக்கம். அவ்வேலையே சிறுவருக்கு முதலில் வாய்த்தது. நல்ல பையன் எனக் கண்ட ரீபோ, அடுத்த ஆண்டில் காணிக்கைப் பணம் ஏதும் கேளாமல், புத்தகம் கட்டும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சிக்கு அவரை அமர்த்திக்கொண்டார்.

புத்தகம் கட்டுவோர் எல்லோரும் புத்தகம் படிப்பவரல்லர். குங்குமம் சுமந்த கழுதை என்னும் பழமொழி நம்மிடை உண்டன்றோ? பாரடே சுமந்ததை முகர்ந்தும் பார்த்தார். கலைக்களஞ்சியமாகிய பிரிட்டானிக்காவின் ஒரு தொகுதி கட்டுவதற்கு வந்தபோது, அதில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியைப் படித்தார். ஜேன் மார்ஸட் என்னும் அம்மையார் 1806-ம் ஆண்டில் வெளியிட்ட இரசாயன உரையாடல் நூலையும் அங்ஙனமே படித்தார். படித்ததை அப்படியே நம்பினாரில்லை. கைக்காசில் சிறு பொருள்கள் வாங்கி, தம்மால் இயன்ற சோதனைகளைச் செய்து பார்த்து, நூலிற் கண்டது மெய் எனத் தேறிய பின்னரே ஏற்றார்.

இவ்வாறு கண்டபடி படித்துக்கொண்டிருந்தவர்க்கு, எப்படிப் படிப்பது என்று கற்பித்த நூல் ஒன்று கிடைத்தது. ஐஸக் வாட்ஸ் என்பவர் 1741-ம் ஆண்டில் வெளியிட்ட அந்நூல், அறிவை வளர்க்கும் வழிகளைச் சாதாரண மக்களுக்குச் சொல்வது. நூல்களைப் படிக்க வேண்டும். அறிந்தோர் பேசக் கேட்க வேண்டும். நண்பரோடு கடிதத்தாலும் உரையாடலாலும் ஆராய வேண்டும். இவற்றாற் பெற்றதைக் குறித்து வைக்க வேண்டும் என்பன அதன் அறிவுரைகளுட் சில. இத்தகைய உபதேச நூல்கள் எந்த மொழியிலும் எக்காலத்தும் மலிந்தே உள்ளன. படிப்பவர் பலர்; ‘நன்று, நன்று’ என்று சொல்லி மூடி வைப்பவரும் அவரே. பாரடேயின் சிறப்பு யாதெனில், அந்நூல் சொன்னதை வரி பிசகாமல் செய்து பார்த்ததேயாம்.

1809-ம் ஆண்டில், பதினெட்டு வயதளவில், ஒரு குறிப்பேடு தொடங்கினார். பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் கண்ட விஞ்ஞானச் செய்திகளை அதில் சேர்த்து எழுதினார். ஏட்டின் முகப்பில் அதன் நோக்கத்தையும் எழுதி வைத்தார். உலகில் நாள்தோறும் புதிது புதிதாகக் கிளம்பும் கொள்கைகளுள் எது நிற்கும், எது வீழும் என்று பார்ப்பதற்குச் சான்றுகள் சேர்ப்பதும் அந்நோக்கங்களுள் ஒன்று. தொழில் பயிலும் ஒரு பையன், அறிஞர் கூற்றேயாயினும் சான்று வேண்டும் எனத் தனக்குத்தானே விதி செய்துகொண்டதை எண்ணுங்கால் நம் உள்ளம் மகிழ்கின்றது. பெரியோர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டும் பழக்கம் நம்மவரிடை எவ்வளவு ஊறியுள்ளது என்பதை இங்கு நாம் சொல்லாமலே வாசகர் அறிவர்.

1810-ம் ஆண்டு தொடக்கத்தில், டாட்டம் என்னும் வெள்ளிவேலைக்காரர் தம் வீட்டில் நடத்திய மாலைப் பிரசங்கங்களைப் பற்றிய விளம்பரம் பாரடேயின் கண்ணிற் பட்டது. பிரசங்கம் ஒன்றுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கையில் காசில்லை. அண்ணன் ராபர்ட்டும் கொல்லுத் தொழிலாளியே. தம் கூலியிலிருந்து அவரே அந்த ஷில்லிங்கைக் கொடுத்துதவினார். அவ்வாண்டிலேயே தந்தை இறந்தார் என்பதையும் உடன் நினைத்தால், அந்த ஷில்லிங்கின் எடை விளங்கும். இவ்வாறு 1811-ம் ஆண்டு வரை பன்னிரண்டு பதின்மூன்று பிரசங்கங்கள் கேட்டார். காசு கொடுத்துக் கேட்டதை வீணாக்க மனமில்லை. கேட்டவற்றையெல்லாம் எழுதினார்.

எழுதும்போது ஒரு குறை தோன்றியது. சோதனைக் கருவிகளைச் சொல்லால் மட்டும் விளக்க முடியவில்லை; படம் வேண்டியிருந்தது. ரீபோவின் வீட்டு மாடியில், பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்து குடியிருந்த மாஸ்கரியே என்னும் ஓவியர் இருந்தார். பொருள்களின் தொலைவும் பருமையும் தோன்ற வரையும் முறையை அவரிடம் பாரடே கற்றார். ஓவியரின் அறையைத் துடைத்ததும் காலணிக்கு மெருகிட்டதுமே அதற்குக் கொடுத்த தட்சிணை என்பர். ஒரு குறிப்பேடு செம்மையாக வேண்டும் என்பதற்காக ஒரு கலையையே தனியாகக் கற்றவர் எத்தனை பேர் இருப்பர்?

டாட்டம் பிரசங்கக் குறிப்புகளை நான்கு தொகுதிகளாகத் தம் கையாலேயே கட்டி, முதலாளி ரீபோவுக்கு உரிமையாக்கினார். ரீபோவுக்கோ பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்க்கெல்லாம் அத்தொகுதிகளை எடுத்துக் காட்டினார். அப்படிக் கண்டவருள் டான்ஸ் என்னும் ஒருவர் அவற்றைத் தம் தந்தைக்குக் காட்ட, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உறுப்பினராயிருந்த அம்முதியவர், ஹம்பிரி டேவியின் பிரசங்கங்களுக்கு அனுமதிச் சீட்டுகளைப் பாரடேக்குக் கொடுத்தார். அறிமுகக் கடிதம் ஒன்றுமின்றி, செல்வாக்குள்ள சுற்றத்தார் எவருமின்றி, ஒரு கூலித் தொழிலாளி மகனை அந்த மாளிகைக்குள் அனுப்பியது குறிப்பேடே என்பதை வாசகர் கவனிப்பாராக.

டேவி அக்காலத்தில் இங்கிலாந்தின் இரசாயன வல்லுநருள் தலைசிறந்தவர், நாவன்மை மிக்கவர். அவர் பேசும் நாட்களில் ஆல்பர்மார்ல் வீதியில் கனவான்களின் குதிரை வண்டிகள் நெருங்கி நின்றமையால், அவ்வீதியை ஒருவழிப் பாதையாக்க நேர்ந்தது என்பர். 1812-ம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை டேவி நிகழ்த்திய பிரசங்கங்களுள் நான்கினைப் பாரடே கேட்டார். மண்டபத்து மேல்மாடத்தில், கடிகாரத்துக்கு மேலாக உள்ள இடத்தில் அமர்ந்து கேட்டார். பட்டும் பதக்கமும் அணிந்து வந்த நூற்றுக்கணக்கானோர் அதே சொற்களைக் கேட்டுக் கைதட்டி, வண்டியேறி, இராப்போஜனத்துக்குப் போயினர். பாரடேயும் போனார், போய் என்ன செய்தார் என்பதே நம் கட்டுரையின் உயிர்நிலை.

அவர் கைக்கொண்ட முறையைப் பின்னர் அவரே எழுதி வைத்திருக்கின்றார். அதன் சாரம் வருமாறு. பிரசங்கத்துக்குப் போகும்போது, சேர்த்துத் தைத்த சில தாள்களும் ஒரு பென்சிலும் கையில் இருக்கும். பேசுவதையெல்லாம் எழுதுவதில்லை. முனைப்பான சொற்கள், சிறியவும் முக்கியமுமான வாக்கியங்கள், செய்து காட்டிய சோதனைகளின் பெயர், பேச்சில் வந்த பொருள்களின் பெயர், பின்னர் நினைவைத் தூண்டவல்ல பிற குறிகள் ஆகிய இவற்றையே கிறுக்கிக்கொள்வார். மண்டபத்தை விட்டதும் வேறெங்கும் நில்லாமல் நேரே வீட்டுக்குப் போவார். போனவுடன், அக்கிறுக்கல்களைக் கொண்டு இரண்டாவது குறிப்பு எழுதுவார். இது முன்னதினும் விரிவானது, தொடர்ச்சியுள்ளது, தெளிவாகப் படிக்கத்தக்கது. பின்னர் இந்த இரண்டாவது குறிப்பை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்பின்கீழும் பிரசங்கி கூறியதைத் தம் நினைவிலிருந்து வருவித்து, பிரசங்கம் முழுவதையும் எழுதுவார். அதன்பின் திருத்தமாகப் படியெடுத்துப் படம் வரைவார். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எத்தனை மணி நேர உழைப்பு! அதுவும் பகலெல்லாம் தோலும் பசையும் நூலுமாகப் பாடுபட்டபின்.

கணக்குப் புத்தகம் எழுதிப் பிழைப்போராகிய நமக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது சட்டைப்பைப் புத்தகத்தில் ஒரு கோடும் ஒரு புள்ளியுமாகவே போடுகின்றோம். வெயிலிலும் தூறலிலும் நின்றுகொண்டு வேறெப்படி எழுதுவது? மாலையில் ஆபீஸ் மேசையில் அமர்ந்து செக்ரோலில் ஏற்றும்போதுதான், இன்னார் இன்ன வரிசையில் நின்றார், இன்னார்க்கு அரை நாள், மழை இன்ன நேரத்தில் பிடித்தது என்பன மனத்தில் ஒழுங்குபடுகின்றன. அன்றே ஏற்றினால் கோடு பேசும்; மூன்று நாள் கழித்து ஏற்றப் புகுந்தால் அது வெறுங்கோடே. கூலிக் கணக்கிற்காக நாம் நாள்தோறும் செய்யும் இக்காரியத்தை அறிவுக் கணக்கிற்காகப் பாரடே செய்தார். வேற்றுமை அவ்வளவே; எனினும் அது சிறிய வேற்றுமையன்று.

இம்முறையில் எந்தப் பகுதி பலன் தந்தது என்று ஆராய்தல் தகும். முதற்கிறுக்கலா, இரண்டாங் குறிப்பா, அழகிய படியா? நம் கருத்தில், ஏட்டை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு விஷயத்தை நினைவிலிருந்து இழுத்து வந்தாரே, அங்குதான் படிப்பு நிகழ்ந்தது. இக்கருத்துக்கு இக்காலத்து ஆராய்ச்சியும் துணை நிற்கின்றது. 2006-ம் ஆண்டில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிகே என்னும் இருவர் வெளியிட்ட சோதனை ஒன்றுண்டு. ஒரு பகுதியைப் படித்த மாணவருள் ஒரு சாரார் அதையே திரும்பப் படித்தனர்; மற்றொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவரே முந்தினர். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோதோ, நினைவிலிருந்து எழுதியவர் அவரை வென்றனர். திரும்பத் திரும்பப் படிப்பவனுக்குத் தெரிந்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகின்றது. மூடி வைத்து எழுதுபவனுக்குத் தன் ஓட்டைகள் தெரிகின்றன.

கையால் எழுதுவதா, விசைப்பலகையில் தட்டுவதா என்னும் வழக்கும் இக்காலத்தில் எழுந்துள்ளது. 2014-ம் ஆண்டில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்போர், மடிக்கணினியில் தட்டிய மாணவர் பேசுவோர் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பதிக்க முனைகின்றனர் என்றும், கையால் எழுதியவர் அவ்வளவு வேகம் இயலாமையால் பொருளைச் சுருக்கித் தம் சொல்லில் எழுதுகின்றனர் என்றும், பொருளுணர்ச்சி பற்றிய வினாக்களில் பின்னவரே மேம்பட்டனர் என்றும் எழுதினர். 2019-ல் வேறு சிலர் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது, வேறுபாடு அத்துணைத் தெளிவாகக் காணவில்லை. ஆகவே, கையெழுத்திலே மந்திரம் ஏதோ இருப்பதாக நாம் சொல்ல வரவில்லை. மந்திரங்களில் நமக்கு நம்பிக்கையுமில்லை. எழுதுகோல் மெதுவாக ஓடுவது ஒரு குறைபோலத் தோன்றினும், எதை எடுப்பது, எதை விடுவது என்று மனத்தை அது கட்டாயப்படுத்துகின்றது. கரும்பலகையைக் கைப்பேசியாற் படம் பிடித்துக்கொண்டு ‘பாடம் கிடைத்துவிட்டது’ என்று எழுந்து போகும் நம் இளைஞர்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. படம் கைப்பேசியில் இருக்கின்றது. பாடம் எங்கே இருக்கின்றது?

நிற்க. பாரடேயின் ஏடு வெறும் படியெடுப்பாக நின்றதா என்பதற்கும் விடை உண்டு. டேவியின் பிரசங்கங்களுள் ஒன்று குளோரின் என்னும் வாயுவைப் பற்றியது. அது கூட்டுப்பொருள் என்று அதுகாறும் பலர் எண்ணியிருக்க, தனிப்பொருளே என்று டேவி சாதித்தார். அவ்வாண்டிலேயே தம் நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில், பாரடே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டு, காரணமும் சோதனையும் காட்டி வாதாடினார். குறிப்பேட்டில் ஏறிய கொள்கை கடிதத்தில் தம் சொல்லாக வெளிப்போந்தது. பதினோராண்டு கழித்து, 1823-ல், அதே குளோரின் வாயுவை நீர்மமாக்கிக் காட்டியவரும் அவரே.

1812-ம் ஆண்டு அக்டோபரில் தொழிற்பயிற்சிக் காலம் முடிந்தது. டி லா ரோஷ் என்னும் கோபக்கார முதலாளியிடம் கூலிக்கு அமர்ந்தார். அறிவுத்துறையில் எக்கீழ்ப்பணியாயினும் போதும் என்ற ஆவலால், ராயல் சொஸைட்டியின் தலைவராயிருந்த ஜோஸப் பாங்க்ஸ் பிரபுவுக்குப் பயிற்சிக் காலத்திலேயே விண்ணப்பம் எழுதியிருந்தார். பலமுறை வாயிலுக்குப் போய்க் கேட்டும் பதில் கிடைக்கவில்லை. வெறும் விண்ணப்பங்களின் கதி எந்த நாட்டிலும் அதுவே. பின்னர், டேவிக்கு ஒரு கடிதம் எழுதி, அதனோடு அவருடைய பிரசங்கக் குறிப்புகளைத் திருத்தமாக எழுதிப் படம் வரைந்து கட்டிய தொகுதியையும் அனுப்பினார். முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட தொகுதி அது. தாம் வாயாற் சொல்லிக் காற்றிற் போனதாக எண்ணியவை, தோல் அட்டைக்குள் வரிசையாக நிற்பதைக் கண்டால் எந்த ஆசிரியர் மனந்தான் இளகாது? டிசம்பர் 24-ந் தேதியிட்டு டேவி பதில் எழுதினார்.

நேரில் கண்டபோது டேவி கூறியது ஊக்கமூட்டும் மொழியன்று. விஞ்ஞானம் கடுமையான எஜமானி, கூலியும் சொற்பம், கைத்தொழிலை விடாதே என்பதே அவர் புத்திமதி. புத்தகம் கட்டும் வேலை இருந்தால் தருவதாகவும் சொன்னார். ஆயினும் அந்தத் தொகுதி அவர் நினைவிலிருந்து நீங்கவில்லை. 1813-ம் ஆண்டு பிப்ரவரியில் சோதனைச்சாலை உதவியாளர் ஒருவர் கைகலப்பில் ஈடுபட்டு வேலையிழந்தார். ஓரிரவு பாரடே படுக்கைக்குப் போகும் வேளையில், வாயிலில் ஒரு வண்டி வந்து நின்றது. டேவியின் ஆள் கடிதத்தோடு இறங்கினான். மார்ச்சு 1-ந் தேதி பாரடே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளர் ஆனார். சம்பளம் வாரம் 25 ஷில்லிங்; மாடியுச்சியில் இரண்டு அறை; எரிக்க விறகும் மெழுகுவர்த்தியும்.

‘இஃது அதிர்ஷ்டம், அந்த உதவியாளன் சண்டை போடாதிருந்தால்?’ என்று வினவுவார் உண்டு. இடம் காலியாவது எவர் கையிலும் இல்லை என்பது மெய். ஆனால் லண்டனில் அன்று வேலை தேடியவர் ஆயிரக்கணக்கானோர். டேவியின் நினைவில் நின்ற பெயர் ஒன்றே. அதை அங்கே நிறுத்தியது விதியா, முந்நூறு பக்கத் தொகுதியா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

வேலை கிடைத்தவுடன் இழிவுகள் தீர்ந்தனவா எனில், இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம்பதிகளோடு ஐரோப்பா சுற்றப் புறப்பட்டபோது, டேவியின் பணியாள் வர மறுத்தமையால், அவன் செய்யும் வேலைகளில் சிலவும் பாரடேயின் தலையில் விழுந்தன. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். வேலைக்காரரோடு உண்ணவும் வைத்தார். விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடலாமா என்றும் பாரடே எண்ணியதுண்டு. திரும்பவில்லை. 1815-ம் ஆண்டு வரை நீண்ட அப்பயணத்தில் பிரெஞ்சும் இத்தாலியமும் பயின்றார். பல நாட்டு விஞ்ஞானிகளைக் கண்டார். கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். மேசையில் இடங் கொடாதவர்க்கும் அந்த ஏட்டைப் பிடுங்க இயலவில்லை.

பிற்காலத்தில் அவர் எழுதிய சோதனைச்சாலை ஏடுகள் பெரும் புதையல். ‘காந்தத்தை மின்சாரமாக்குக’ என்னும் கருத்துப்பட ஒரு வரியை 1822-ம் ஆண்டில் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அவ்வரி ஒன்பதாண்டு அங்கே காத்துக் கிடந்து, 1831-ல் நிறைவேறியது. அதற்கடுத்த ஆண்டு முதல், ஒவ்வொரு பத்திக்கும் தொடர்ச்சியாக இலக்கம் இடலானார். 1860-ம் ஆண்டில் அவ்விலக்கம் 16,041 ஆகி நின்றது. வெற்றி பெற்ற சோதனைகளோடு, பயனற்றுப் போனவையும் அதே எழுத்தில், அதே வரிசையில் அங்கே உள்ளன. ஓரத்திலும் இடையிலும் சிறு சிறு படங்கள். முன்னே கூறியதைச் சுட்ட வேண்டின், இலக்கத்தைக் குறித்தாற் போதும்.

ஐம்பது வயதை அணுகியபோது அவருக்கு நினைவாற்றல் தளர்ந்தது. தலைச்சுற்றலும் சோர்வும் மிகுந்து, சில ஆண்டுகள் வேலையை வெகுவாகக் குறைக்க நேர்ந்தது. ஒருமுறை பல வாரங்கள் உழைத்து ஒரு முடிவு கண்டு, பின்னர் ஏட்டைப் புரட்டியபோதே, சில மாதங்களுக்கு முன் தாமே அதைச் செய்து முடித்து எழுதியிருந்ததைக் கண்டார். இதைக் கேட்டு இரங்காதார் யார்? எனினும், நினைவு கைவிட்ட பிறகும் ஆராய்ச்சி கைவிடாது நின்றது ஏட்டின் வலியால். ஒளிக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பை 1845-ம் ஆண்டில் அவர் கண்டது, இந்தத் தளர்ச்சிக்குப் பின்னரேயாகும்.

இனி நம் நாட்டார் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று. பால்மரத்தை நம்பி வந்து, பால்மரத்தின் நிழலிலேயே மூன்று நான்கு தலைமுறை கழித்தவர் நம்மவர். அந்தப் பாலிலிருந்து வரும் ரப்பர் என்னும் பொருள் எதனால் ஆயது என்பதை முதலில் தெளிவாக ஆராய்ந்து சொன்னவரும் பாரடேயே. 1826-ம் ஆண்டில், மரத்துப் பாலை எடுத்து அதில் ரப்பர் எவ்வளவு, பிற பொருள்கள் எவை எனப் பிரித்து, தூய ரப்பர் கரியும் நீரகமும் மட்டுமே கொண்டது என்றும், கரி அணு ஐந்துக்கு நீரக அணு எட்டு என்னும் அளவில் அவை நிற்கின்றன என்றும் காட்டினார். பால் கொட்டகையில் வாளியை நிறுத்து, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, இதில் ரப்பர் இவ்வளவு தண்ணீர் இவ்வளவு என்று கிராணிமார் கணக்கெழுதியது மிகப் பிற்காலத்தில். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததே 1877-ம் ஆண்டில். பாரடே இறந்து பத்தாண்டுக்குப் பின்.

மலாய்க் காடுகளில் விளைந்த கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பிசினும் அவர் கைக்கு வந்தது. சிங்கப்பூரில் வைத்தியராயிருந்த மான்ட்கோமரி 1843-ம் ஆண்டில் அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அது மின்சாரத்தைக் கசியவிடாது தடுக்கும் தன்மையுடையது என்று 1848-ம் ஆண்டில் பாரடே எழுதி வெளியிட்டார். கடலடியில் தந்திக் கம்பி போட வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. கம்பிக்கு அப்பிசினே சட்டையாயிற்று. 1871 ஆகும்போது சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் அத்தகைய கம்பியால் இணைந்துவிட்டன. பிசினுக்காக அம்மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்து, சிங்கப்பூர்த் தீவிற் பெரும்பாலும் இல்லாமற் செய்ததும் அவ்வியாபாரந்தான். அதையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

இனிச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. பாரடே தனியே எழுதிக் குவித்தவர் மட்டுமல்லர். 1818-ம் ஆண்டில் அவரும் நண்பர் நால்வரும் சேர்ந்து, எழுதிப் பழகும் கூட்டம் ஒன்று அமைத்தனர். எல்லோரும் உழைத்துப் பிழைப்பவர். கல்லூரிப் பட்டம் பெற்றவர் எவருமிலர். ஒவ்வொருவரும் குறித்த காலத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவை பெயர் குறியாமல் ஒரு பொது ஏட்டில் படியெடுக்கப்பட்டு, எல்லோர்க்கும் படிக்கக் கிடைக்கும். எழுதியவர் இன்னார் என்று தெரியாமையால், முகம் பார்த்துப் புகழ்வதற்கும் இடமில்லை. முகம் முறியுமே என்று குறையை மறைப்பதற்கும் இடமில்லை. கற்பனை, தீர்ப்பறிவு முதலியவற்றைப் பற்றியெல்லாம் எழுதினர்.

நம் தோட்டங்களிலும் பட்டணத்து வீதிகளிலும் படிப்பகங்கள் பல எழுந்ததையும், அவற்றுட் சில கேரம் பலகையும் பூட்டிய அலமாரியுமாக முடிந்ததையும் நாம் கண்டிருக்கின்றோம். படிப்பகத்துக்கு முதலில் வேண்டியது கட்டடம் என்று நிதி திரட்டப் புறப்படுவோர், அந்த ஐவரும் கட்டடம் எதுவும் கட்டியதாகச் செய்தியில்லை என்பதைச் சற்று நினைக்கலாம். வாங்கியது ஓர் ஏடு. அவர்கள் எழுதி நிரப்பிய கட்டுரைகள், ஏறத்தாழ நூற்றுத்தொண்ணூறு ஆண்டுக்குப் பின், 2008-ம் ஆண்டில் நூலாக அச்சேறின. டேவிக்கு அனுப்பிய தொகுதியோ, அன்று தோலும் நூலும் கொண்டு பாரடே கட்டிய கட்டோடு, ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருக்கின்றது.